537 ஓட்டு: 2000-ல் ஃபுளோரிடாவில் நடந்தது என்ன?

2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவில் உண்மையில் ஜெயித்தது குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷா, ஜனநாயகக் கட்சியின் அல் கோரா? சீட்டுகளைக் கையால் மறுபடி எண்ணுவதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் குறுக்கே வந்து நிறுத்தாமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? இதுதான் கேள்வி.

நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். உச்ச நீதிமன்றம் நிறுத்திய அந்த எண்ணிக்கை கடைசிவரை நடந்திருந்தாலும் பெரும்பாலும் புஷ்தான் ஜெயித்திருப்பார். ஆனால் செல்லாது என்று ஒதுக்கிய எல்லாச் சீட்டுகளையும் மாநிலம் முழுக்க எடுத்துப் பார்த்திருந்தால், கோர் ஒரு நூறு ஓட்டு முன்பின்னாக முந்தியிருப்பார். கேட்க முரணாக இருக்கும். ஒதுக்கிய சீட்டுகள் இரண்டு குவியலாக இருந்தன என்பதைப் பிடித்துக்கொண்டால் முரண் தீர்ந்துவிடும். வழக்காடியவர்கள் சின்னக் குவியலுக்காகவே 36 நாள் சண்டை போட்டார்கள். பெரிய குவியலை எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

சான்றளிக்கப்பட்ட கணக்கு இது: புஷ் 29,12,790, கோர் 29,12,253. வித்தியாசம் 537. செல்லுபடியான ஓட்டு கிட்டத்தட்ட 59 லட்சத்து 63 ஆயிரம். மூன்றாவதாக வந்த பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு 97,488 கிடைத்தது. சோஷலிசத் தொழிலாளர் கட்சி வேட்பாளருக்குக்கூட 562 ஓட்டு விழுந்தது. வித்தியாசத்தைவிட அதுவே அதிகம். அதிபரைத் தீர்மானிப்பது மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் ஓட்டுகள்தான்; அந்த மாநிலத்தின் 25 தேர்வாளர் ஓட்டுகள் யாருக்கோ அவரே அதிபர் என்ற நிலை. கடைசியில் புஷ் 271, கோர் 266. நாடு முழுவதும் மக்கள் போட்ட ஓட்டில் கோர் 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் முன்னணியில் இருந்தார் என்பதும் சேர்ந்ததால்தான் ஃபுளோரிடாவின் ஒவ்வொரு சீட்டும் அவ்வளவு கனத்தது.

நம் ஊர்க்காரர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே நம் தேர்தல் ஆணையம் மாதிரி நாடு முழுக்க ஒரே இயந்திரம், ஒரே விதி என்று வைத்து நடத்தும் அமைப்பு கிடையாது. மாநிலத்துக்குள்ளேயே ஒவ்வொரு கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) தன் தேர்தலைத் தானே நடத்தும். சீட்டை வடிவமைப்பதும், இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதும் கவுண்டியின் தேர்தல் மேற்பார்வையாளர். ஃபுளோரிடாவில் 67 கவுண்டிகள். 2000-ல் அவற்றில் 24 துளை அட்டையைப் பயன்படுத்தின. 41 கவுண்டிகளில் வட்டத்தை நிரப்பி ஸ்கேனரில் படிக்கும் சீட்டு. ஒன்றில் பழைய நெம்புகோல் இயந்திரம். ஒன்றில் வெறும் காகிதச் சீட்டைக் கையால் எண்ணினார்கள். அப்போதே 1,75,000 சீட்டுகளில் அதிபர் பதவிக்கான ஓட்டு எந்தக் கணக்கிலும் சேராமல் போனது.

அவற்றில் சுமார் 61,000 சீட்டுகளில் இயந்திரத்தின் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இவற்றை வெற்றுச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். சுமார் 1,14,000 சீட்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களுக்கு அடையாளம் இருந்தது. இவை இரட்டைச் சீட்டு. நான் சொன்ன சின்னக் குவியலும் பெரிய குவியலும் இவைதான்.

வெற்றுச் சீட்டு எப்படி உண்டாகிறது என்பதை அந்தத் துளை இயந்திரத்தை வைத்துப் பார்க்கலாம். வோட்டோமேட்டிக் என்று பெயர். சின்னப் பெட்டி மாதிரி ஒரு சட்டம்; அதன் மேல் வேட்பாளர் பெயர்கள் அச்சடித்த புத்தகம். வாக்காளர் மெல்லிய அட்டை ஒன்றைச் சட்டத்துக்குள் மேலிருந்து செருகி, அட்டையின் தலைப்பக்கத் துளைகள் இரண்டும் இரண்டு முளைகளில் மாட்டும்படி வைக்க வேண்டும். அட்டை முழுக்க நான்கு பக்கமும் லேசாக வெட்டுக்கோடு போட்ட மிகச் சின்னச் செவ்வகங்கள். புத்தகத்தில் பெயருக்கு எதிரே உள்ள துளையில் எழுத்தாணி போன்ற கருவியை நேராக இறக்கினால், கீழே அந்தச் செவ்வகம் பிய்ந்து, ரப்பர் பட்டைகளின் இடுக்கு வழியே அடித்தட்டில் விழும். அந்தத் துணுக்குக்குத்தான் 'சாட்' என்று பெயர். அந்த நவம்பரில் உலகம் முழுக்க நாளிதழ்களில் அடிபட்ட சொல்.

கோளாறு வரும் இடங்கள் பல. அடித்தட்டைத் தேர்தலுக்குத் தேர்தல் காலி செய்யாவிட்டால் துணுக்குகள் குவிந்து மேலே முட்டும். எழுத்தாணி இறங்க இடமில்லாமல் அட்டையில் குழி மட்டும் விழும். ரப்பர் இறுகிப்போனாலும் அதே கதி. அதிபர் பதவி எப்போதும் முதல் பத்தியில் வருவதால் அதிகம் குத்து வாங்குவதும் அந்தப் பத்திதான். அட்டையைச் சட்டத்துக்குள் செருகாமல் மேலேயே வைத்துக் குத்தியவர்களும் இருந்தார்கள். இப்படி வந்த அட்டைகளில் சில துணுக்குகள் ஒரு மூலையில் தொங்கின. சில இரண்டு மூலையில் கதவு மாதிரி ஆடின. சில மூன்று மூலையும் ஒட்டியிருக்க ஒரு மூலை மட்டும் விட்டிருந்தன. சிலவற்றில் வெறும் புடைப்பு. படிப்பான் இயந்திரம் ஒளி ஊடுருவுகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். தொங்கும் துணுக்கு திரும்ப மூடிக்கொண்டால் அந்த அட்டை வெற்று. ஒவ்வொரு முறை இயந்திரத்தில் ஓடும்போதும் சில துணுக்குகள் உதிரும் என்பதால் எண்ணிக்கையும் ஒவ்வொரு முறை கொஞ்சம் மாறும். 60 லட்சம் ஓட்டில் 537 வித்தியாசத்தை அளக்கும் நுட்பம் அந்தக் கருவிக்கு அறவே கிடையாது.

இரட்டைச் சீட்டுக்குக் காரணம் பெரும்பாலும் கருவி அல்ல, வடிவமைப்பு. 1998-ல் மாநில அரசியல் சாசனத்தைத் திருத்தி, சிறு கட்சிகள் சீட்டில் இடம்பெறுவதை எளிதாக்கினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் 2000-ல் அதிபர் பதவிக்கு மட்டும் பத்து ஜோடிப் பெயர்கள் (அதிபர், துணை அதிபர் வேட்பாளர்கள்) வந்து நின்றன. பாம் பீச் கவுண்டியின் மேற்பார்வையாளர் தெரசா லெபோர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். பத்துப் பெயரையும் ஒரே பக்கத்தில் அடைத்தால் எழுத்து பொடியாகிவிடும், அங்கே முதியவர்கள் அதிகம் என்று நினைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, பெயர்களை எதிரெதிர்ப் பக்கங்களில் பிரித்துப் போட்டு, துளைகளை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார். பட்டாம்பூச்சிச் சீட்டு என்று பேர் வாங்கியது அதுதான்.

இடப் பக்கம் முதல் பெயர் புஷ், இரண்டாவது கோர். ஆளுநரின் கட்சி முதலில் வர வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். ஆளுநர் ஜெப் புஷ் (வேட்பாளர் புஷ்ஷின் தம்பி), குடியரசுக் கட்சி. வலப் பக்கம் முதல் பெயர் சீர்திருத்தக் கட்சியின் பாட் புக்கானன். நடு வரிசையில் முதல் துளை புஷ்ஷுக்கு, இரண்டாவது புக்கானனுக்கு, மூன்றாவதுதான் கோருக்கு. இடப் பக்கம் மட்டும் படித்துவிட்டு "இரண்டாவது பெயர், இரண்டாவது துளை" என்று குத்தியவர் ஓட்டு புக்கானனுக்குப் போய்விட்டது. தப்பை உணர்ந்து கோரின் துளையையும் குத்தியவர் சீட்டு செல்லாமல் போனது. புதுச் சீட்டு கேட்கலாம் என்று பலருக்குத் தெரியாது.

இது வெறும் ஊகம் இல்லை. பாம் பீச்சில் புக்கானனுக்கு விழுந்தது 3,407. மாநிலத்திலேயே அவருக்கு அதுதான் உச்சம். யூத முதியவர்கள் நிறைந்த, கோருக்கு அறுபது சதவீதத்துக்கு மேல் கொடுத்த கவுண்டி அது. அந்த ஓட்டுகளில் பெரும்பாலானவை தன்னுடையவை அல்ல என்று புக்கானனே தொலைக்காட்சியில் சொன்னார். அதைவிட அழுத்தமான சான்று தபால் ஓட்டில் இருக்கிறது. தபால் சீட்டு பட்டாம்பூச்சி வடிவில் இல்லை. அதில் அவருக்கு விழுந்தது ஆயிரத்துக்கு 2. அதே கவுண்டியில் நேரில் வந்து போட்டவர்களிடையே ஆயிரத்துக்கு 8-க்கு மேல். செல்லாத இரட்டைச் சீட்டுகள் 19,000-ஐத் தாண்டின. பின்னர் பத்திரிகைகள் அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது கோர்–புக்கானன் இரண்டும் குத்தியவை 5,330, கோரையும் அவருக்கு அடுத்த துளையில் இருந்த சோஷலிஸ்ட் வேட்பாளரையும் குத்தியவை 2,908, புஷ்–புக்கானன் 1,631. இந்த ஒரு கவுண்டியின் ஒரு தாளிலேயே 537 பல மடங்கு கரைந்துபோயிருக்கிறது. ஆனால் இதற்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை. இரண்டு துளை தெளிவாகக் குத்தியிருக்கும் அட்டையை எத்தனை முறை எண்ணினாலும் அது இரட்டைதான். புக்கானனுக்கு விழுந்தது அவருக்குத்தான். மறுதேர்தல் கேட்டுப் போன வழக்குகளும் நிற்கவில்லை.

பாம் பீச் பேர்போனது. டூவல் கவுண்டியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். ஜாக்சன்வில் நகரம் அடங்கிய அந்தக் கவுண்டியில் பத்துப் பெயரையும் அடுத்தடுத்த இரண்டு பக்கத்தில், பக்கத்துக்கு ஐந்தாகப் போட்டார்கள். முன்கூட்டி வெளியிட்ட மாதிரிச் சீட்டில் "எல்லாப் பக்கத்திலும் ஓட்டுப் போடுங்கள்" என்று குறிப்பு. சொன்னபடி செய்தவர்கள் முதல் பக்கத்தில் ஒருவரையும், திருப்பி அடுத்த பக்கத்தில் ஒருவரையும் குத்தினார்கள். இரட்டைச் சீட்டு கிட்டத்தட்ட 22,000. கணிசமானவை கறுப்பின மக்கள் செறிந்த வாக்குச்சாவடிகளில், முதல்முறை ஓட்டுப் போட வந்தவர்கள் அதிகம் இருந்த இடங்களில். கவுண்டி புஷ் பக்கம் சாய்ந்தது என்பதால் கோர் தரப்பு அங்கே கவனம் வைக்கவில்லை. விஷயத்தின் அளவு தெரிந்தபோது மறு எண்ணிக்கை கேட்பதற்கான 72 மணி நேரக் கெடு முடிந்திருந்தது.

எண்ணும் இடமும் வேலையைக் காட்டியது. லியோன் கவுண்டியில் (தலைநகர் டல்லஹாசி) ஸ்கேனர் வாக்குச்சாவடியிலேயே இருந்தது. இரண்டு வட்டம் நிரப்பிய சீட்டைப் போட்டால் அது அங்கேயே திருப்பித் துப்பிவிடும். வாக்காளர் புதுச் சீட்டு வாங்கித் திருத்திக்கொள்வார். செல்லாதவை ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை. ஒட்டினாற்போல் இருக்கும் காட்ஸ்டன் கவுண்டியிலும் வட்டம் நிரப்பும் சீட்டுதான். ஆனால் அங்கே சீட்டுகளைப் பெட்டியில் போட்டு மையத்துக்குக் கொண்டுபோய் எண்ணினார்கள். தப்பைச் சொல்ல ஆள் இல்லை. போதாததற்குப் பெயர்கள் இரண்டு பத்தியாகப் பிரிந்திருந்தன. நூற்றுக்குச் சுமார் 12 சீட்டு செல்லவில்லை; மாநிலத்திலேயே அதிகம். ஃபுளோரிடாவில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள ஒரே கவுண்டி அது. மாநிலம் முழுக்கக் கறுப்பின வாக்காளரின் சீட்டு தள்ளுபடியாகும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு என்று அமெரிக்க சிவில் உரிமை ஆணையம் 2001-ல் மதிப்பிட்டது. பக்கத்துப் பக்கத்துக் கவுண்டிகள், ஒரே வகைச் சீட்டு; பெரிய வேறுபாடு இயந்திரத்தை வைத்த இடம்தான்.

இனி சண்டைக்கு வருவோம். நவம்பர் 7 இரவு தொலைக்காட்சிகள் முதலில் கோர் ஜெயித்ததாக அறிவித்தன. மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு மணி நேரம் பின்தங்கிய நேரம் என்பதால் அங்கே ஓட்டுப்பதிவே முடிந்திருக்கவில்லை. பிறகு வாபஸ். நள்ளிரவு தாண்டி இரண்டே கால் மணிக்குப் புஷ் என்றன. வொலூசியா கவுண்டியின் 216-ஆம் சாவடியிலிருந்து வந்த கணக்கில் கோருக்கு மைனஸ் 16,022 என்று பதிவாகியிருந்தது அந்த அறிவிப்புக்குக் கை கொடுத்த தவறுகளில் ஒன்று. அந்தச் சாவடியில் மொத்த வாக்காளரே 585 பேர். கோர் புஷ்ஷை அழைத்து வாழ்த்திவிட்டு, ஒரு மணி நேரத்துக்குப்பின் மறுபடி அழைத்து வாழ்த்தைத் திரும்பப் பெற்றார்.

வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்ததால் சட்டப்படி இயந்திர மறு எண்ணிக்கை தானாகவே நடந்தது. 1,784 ஆக இருந்த முன்னணி 327 ஆகச் சுருங்கியது. இதிலும் 18 கவுண்டிகள் சீட்டுகளை மறுபடி ஓட்டாமல் கூட்டல் கணக்கை மட்டும் சரிபார்த்துவிட்டு அனுப்பின. அடுத்து கோர் தரப்பு கையால் எண்ணச் சொல்லி நான்கு கவுண்டிகளைக் கேட்டது: பாம் பீச், ப்ரோவார்ட், மயாமி-டேட், வொலூசியா. எல்லாம் தங்களுக்குச் சாதகமான இடங்கள். மாநிலம் முழுக்கக் கேட்காமல் நான்கை மட்டும் பொறுக்கியதுதான் கோர் செய்த பெரிய தவறு என்பது என் கணிப்பு. "எல்லா ஓட்டையும் எண்ணுங்கள்" என்ற முழக்கத்தின் பலம் அங்கேயே போய்விட்டது.

ஒரே மாதிரி அட்டையைக் கவுண்டிக்கு ஒரு விதியாகப் படித்தார்கள். சட்டத்தில் இருந்தது "வாக்காளரின் எண்ணம்" என்ற ஒரே அளவுகோல். ப்ரோவார்ட் கவுண்டியின் எண்ணிக்கைக் குழு புடைப்பையும் தாராளமாக ஏற்றது. கோருக்கு நிகரமாக 567 கூடியது. பாம் பீச் குழு கண்டிப்பாக இருந்தது, நடுவில் விதியையும் மாற்றிக்கொண்டது. நவம்பர் 26 மாலை 5 மணிக் கெடுவை இரண்டு மணி நேரத்தில் தவறவிட்டது. மயாமி-டேட் குழு நவம்பர் 22 அன்று, வெளியே கூட்டம் கதவைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்த நிலையில், நேரம் போதாது என்று எண்ணிக்கையையே கைவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தினர் உள்ளிட்டோரின் தபால் ஓட்டுகள் சேர்ந்து நவம்பர் நடுவில் 930 ஆக ஏறியிருந்த புஷ்ஷின் முன்னணி, கெடு நாளில் 537-க்கு வந்து நின்றது. சான்றிதழில் கையெழுத்திட்ட மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ், புஷ்ஷின் ஃபுளோரிடா பிரச்சாரத்துக்கு இணைத் தலைவராகவும் இருந்தவர். கட்சிக்காரரே நடுவராக உட்காரும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றுவரை ஏற்புடையதாகத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு அது சட்டப்படியே இருந்தது.

டிசம்பர் 8 அன்று ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று, மாநிலம் முழுக்க வெற்றுச் சீட்டுகளைக் கையால் எண்ண உத்தரவிட்டது. இரட்டைச் சீட்டு அந்த உத்தரவில் இல்லை. மறுநாளே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தடை போட்டது. டிசம்பர் 12 தீர்ப்பில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருந்ததைப் பலர் குழப்பிக்கொள்வார்கள். கவுண்டிக்குக் கவுண்டி அளவுகோல் மாறுவது, சட்டம் எல்லாரையும் சமமாக நடத்த வேண்டும் என்ற சமச் சட்டப் பாதுகாப்புக்கு இடிக்கிறது என்பதில் ஏழு நீதிபதிகள் சிக்கலைக் கண்டார்கள். அப்படியானால் ஒரே அளவுகோல் வகுத்து எண்ணச் சொல்லலாமே என்ற இரண்டாவது கேள்வியில்தான் 5-4 பிரிவு. நேரம் இல்லை என்று ஐவர் முடித்துவிட்டார்கள். கோர் மறுநாள் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பிறகு எட்டு செய்தி நிறுவனங்கள் சேர்ந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு மையம் ஒன்றின் மூலம் அந்த 1,75,010 சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தன. 2001 நவம்பரில் முடிவு வந்தது. கோர் கேட்ட நான்கு கவுண்டிகளை மட்டும் முழுமையாக எண்ணியிருந்தால் புஷ் 225 ஓட்டில் வெற்றி. ஃபுளோரிடா நீதிமன்றம் சொன்னபடி, கவுண்டிகள் செய்யவிருந்த முறையில் வெற்றுச் சீட்டுகளை எண்ணியிருந்தால் புஷ் 493. இரட்டையும் வெற்றுமாக எல்லாச் சீட்டையும் எண்ணியிருந்தால், அளவுகோலைப் பொறுத்து கோர் 60 முதல் 171 வரை வெற்றி.

இரட்டைச் சீட்டில் செல்லக்கூடியது எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். வட்டம் நிரப்பும் கவுண்டிகளில் கோர் பெயருக்கு எதிரே வட்டத்தை நிரப்பிவிட்டு, கீழே "பெயர் எழுதவும்" என்ற காலி இடத்திலும் கோர் என்றே எழுதியவர்கள் இருந்தார்கள். புஷ்ஷுக்கும் அப்படிச் செய்தவர்கள் உண்டு, எண்ணிக்கையில் குறைவு. இயந்திரத்துக்கு அது இரண்டு ஓட்டு. கண்ணால் பார்க்கும் எவருக்கும் எண்ணம் தெளிவு. துணுக்கு தொங்குகிறதா, புடைத்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி பிடித்துச் சண்டை போட்ட நேரத்தில், சர்ச்சைக்கே இடமில்லாத இந்தச் சீட்டுகள் சீல் வைத்த பெட்டிகளில் கிடந்தன.

நேடர் நின்றதால்தான் கோர் தோற்றார் என்பவர்கள் சொல்வதிலும் விஷயம் உண்டு; 97,000 பேரில் சிறு பகுதி மாறியிருந்தாலே போதும். குற்றத் தண்டனை பெற்று ஓட்டுரிமை இழந்தவர்கள் என்று தனியார் நிறுவனம் தயாரித்த பட்டியலை வைத்து வாக்காளர்களை நீக்கியபோது, பெயர் ஓரளவு ஒத்துப்போனதற்காக நிரபராதிகளும் நீக்கப்பட்டார்கள். இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் எந்தக் காரணத்தை எடுத்தாலும் அது முடிவை மாற்றப் போதுமானதாகத் தெரியும். அதனால் ஒன்றை மட்டும் குற்றவாளியாக்குவது சரியாக வராது.

2001-ல் ஃபுளோரிடா துளை அட்டையைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் இயந்திரம் மாற்றுவதற்கென்று மாநிலங்களுக்குப் பெரும் நிதி ஒதுக்கிச் சட்டம் போட்டது. பல கவுண்டிகள் தொடுதிரைக்குப் போயின. 2006-ல் சாரசோட்டா கவுண்டியில் அதுவும் கைவிட்டது: பிரதிநிதிகள் சபைப் போட்டி ஒன்றில் சுமார் 18,000 ஓட்டு பதிவாகவே இல்லை, வெற்றி வித்தியாசம் 369, எண்ணிப் பார்க்கத் தாளும் இல்லை. மறு ஆண்டு மாநிலம் காகிதச் சீட்டுக்கும் ஸ்கேனருக்கும் திரும்பியது. இருந்தும் 2018 செனட் தேர்தலில், ப்ரோவார்ட் கவுண்டி அந்தப் போட்டியைச் சீட்டின் இடது பத்தியில், வாக்காளருக்கான நீளமான குறிப்புகளுக்குக் கீழே போட்டுவிட்டது. ஆயிரக்கணக்கானோர் அதைப் பார்க்காமலே தாண்டிப் போனார்கள். ஆளுநருக்கு ஓட்டுப் போட்டவர்கள் செனட்டருக்குப் போடவில்லை. கையால் எண்ணிப் பார்த்தார்கள். அந்த இடம் உண்மையிலேயே காலியாக இருந்தது. மாநில அளவில் அந்தத் தேர்தலின் வித்தியாசம் 10,033.